முன் சீட்டு

போன வாரம் புதுவாயல் வரை போக வாடகைக் கார் ஒன்று பிடித்தேன். கதவைத் திறந்ததும் ஜவ்வாது வாசனை. உடனே எனக்கு வயிறு எரிந்தது. சலீம் பாயின் காரிலும் இதே வாசனைதான் அடிக்கும். ஏழு வருடமாகியும் என் பொறாமைக்கு வயதே ஆகவில்லை பாருங்கள்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஆலையின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஜப்பானிலிருந்து தகாஷி என்ற இன்ஜினீயர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து இறங்கினார். நாற்பது வயது, தனி ஆள். அவரை இங்கே குடியமர்த்துவது என் வேலை. புதுவாயலில் வீடு பிடித்தது நான். போலீஸ் பதிவு, சிம் கார்டு, கேஸ், கொசுவலை எல்லாம் நான். "வணக்கம், நன்றி, தண்ணீர் வேண்டும்" என்று பாடப்புத்தகத் தமிழ் சொல்லிக்கொடுத்ததும் சாட்சாத் நானேதான். கேண்டீனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓர் அங்குலம் வளர்ந்துவிடுவேன். வீட்டில்கூட 'என் ஜப்பான்காரர்' என்றுதான் பேச்சு.

காலையில் கம்பெனி காரின் பின் சீட்டில் இருவரும் போவோம். ஓட்டுபவர் பழவேற்காட்டுக்காரரான சலீம் பாய். மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை தகாஷி பின் கதவைத் தொடவே இல்லை. முன்னால் ஏறிக்கொண்டார்.

"இன்னா நைனா, நாஷ்டா துன்னியா?" என்றார் பாய்.

"துன்னுட்டேன் பாய். நீ இன்னா துன்னே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள் பாய் வீட்டில் விருந்தாம். மனிதர் லுங்கி கட்டிக்கொண்டு, இறால் தொக்கைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாராம். நான் வாங்கித் தந்த ஸ்பூன் செட்டை அவர் இன்னும் பிரிக்கவில்லை. அன்று முதல் தினமும் முன்னால் ஒரே சிரிப்பு. பின்னால் நானும் என் டிபன் பாக்ஸும். வேற்று நாட்டிலிருந்து வந்தவன் நான்தானோ என்றிருந்தது.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு, பாதுகாப்பு கருதி ஓட்டுநரை மாற்றலாம் என்று இரண்டு வரி எழுதி மேலே கையெழுத்து வாங்கினேன். தொழிலாளர்களை ஏற்றிவரும் திருவள்ளூர் பஸ்ஸுக்குப் பாயை மாற்றிவிட்டார்கள்.

"ஜப்பான் சாரா சொன்னாரு?" என்று பாய் கேட்டார். நான் அதை மறுக்கவில்லை. ரோஷக்காரர். அதன்பின் தகாஷியின் போனை அவர் எடுக்கவே இல்லை.

தகாஷி பின் சீட்டுக்கு வந்துவிட்டார். நான் கேட்டது கிடைத்தது. ஆனால் கும்மிடிப்பூண்டி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார். எதைக் கேட்டாலும் "ஆம்", "நன்றி". எல்லாம் நான் கற்றுக்கொடுத்த தமிழ்.

எட்டாவது மாதமே ஊருக்குத் திரும்புகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய்க்கு என் மேல இன்னா கோவம்? நான் இன்னா தப்பு பண்ணேன்? உங்க ஊரு பழக்கம் எனக்குத் தெரியாது. நீ சொல்லு சார்."

"தெரியல சார்," என்றேன்.

அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அவர் குடியிருந்த வீடு இருந்த இடத்தில் இப்போது குடோன். பாய் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. செய்யாத தப்பைத் தேடிக்கொண்டு தகாஷி இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறாரோ என்று உறுத்துகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைவிட அதிகமாக உறுத்துவது, கிளம்பும்போதும் அவர் பாயைப் பற்றித்தான் கேட்டார் என்பது.