நீலத் தகட்டில் விழுந்த கீறல்

விஜயகுமாருக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுத் தகரத்தில் விரலை ஓட்டுவான். தோசை வருவதற்குள் ஓட்டல் டம்ளரை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடுவான். தேவதானப்பட்டிப் பக்கம், கூரைக்குப் போடும் கலர் சீட்டு தயாரிக்கும் ஆலையில் அவன் பிழைப்பே அதுதான். இரும்புத் தகட்டுக்குச் சாயம் அடித்து, சூட்டில் காயவைத்து, வெட்டி அவன் மேசைக்கு அனுப்புவார்கள். சாய்வான டியூப்லைட் வெளிச்சத்தில் கீறல், கொப்புளம், சாயம் விடுபட்ட இடம் எல்லாவற்றையும் பார்ப்பான். கடைசியாக உள்ளங்கையால் ஒரு தடவு தடவித் தள்ளிவிடுவான். கெட்டிக்காரன்தான். வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளும்.

வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, கையில் காப்புக் கட்டியிருந்த சமயம், வாங்கியவர்கள் நீலத் தகடுகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் முடி போல ஒரு கீறல். தன் கண்ணுக்கா தப்பும் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேசையைத் தாண்டினால் தகடு போவது அய்யம்மாளிடம். அவள்தான் அடுக்குகிறவள்.

"தூக்கி வைக்க வலிக்குதா? இழுத்து இழுத்து அடுக்குறியா?" மெஷின் சத்தத்தையும் மீறி அவன் போட்ட கூச்சல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"கையுறை போட்டுத் தூக்கித்தாண்ணே வைக்கிறேன்" என்றாள் அவள். யார் கேட்டார்கள்? மேலாளர் ராஜா முகம்மதுவிடமும் போய்ச் சொன்னான். அய்யம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கெங்குவார்பட்டியில் அவள் வீட்டு அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவள் போன பிறகும் கீறல் போகவில்லை. விஜயகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. உருளைகளைத் துடைக்கச் சொன்னான், விளக்கை மாற்றினான், மேசைக்கு விரிப்புப் போட்டான், எல்லோரிடமும் எரிந்து விழுந்தான். கடைசியில் ஒரே தகட்டைத் தடவுவதற்கு முன்னும் பின்னும் பார்த்தான். முன்பு சுத்தம். பின்பு கீறல்.

மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் மேசைக்கு வர வேண்டும் என்பது ஆலை விதி. காப்பை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை, அவனும் சேர்க்கவில்லை. கயிற்றில் முடிந்திருந்த காய்ந்த விரலி மஞ்சள், புதுச் சாயத்தில் கோடு இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

அவமானத்தில் காது சுட்டது. சாமிக்குக் கட்டிய காப்பு, நடுவில் அவிழ்க்க முடியாது. மேலே துணியைச் சுற்றிக்கொண்டு மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னான்.

"போன்ல கூப்பிடாத. நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார் ராஜா முகம்மது.

அய்யம்மாள் அவனை வாசலோடு நிறுத்தினாள். "வாரேன். ஆனா அங்கன வச்சுத்தான என்னையப் பேசுனீக? அங்கன வச்சே சொல்லுங்க."

மறுநாள் மேசைப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னான். "கீறல் விழுந்தது என் காப்பாலதான். அய்யம்மா மேல தப்பில்ல." சொன்ன கையோடு அடுத்த தகட்டின் மேல் குனிந்துகொண்டான்.

அய்யம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "மெஷின் சத்தத்துல கடைசில நிக்கிறவுகளுக்குக் கேக்கலண்ணே. அன்னைக்குப் பேசுன மாதிரி பேசுங்க."