இடப்பக்கம் தெரியும் விரிப்பு

கடைக்காரப் பெண் மூன்றாவது விரிப்பையும் தரையில் உருட்டிவிட்டு நிமிர்ந்தார். எது பிடித்திருக்கிறது என்று மலாயில் கேட்டார். அரைமணி நேரமாக அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு வாரமாகக் கைப்பேசியில் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரிப்பு வாங்குவதற்கு யாருக்காவது உள்ளங்கை வியர்க்குமா என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

ஈப்போ நகரத்தின் பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்தக் கடை. விரல் உயரப் போர்வீரர் பொம்மைகளும், அவற்றுக்குப் பூசும் சின்னச் சின்னச் சாயப் புட்டிகளும் அங்கே கிடைக்கும். பொம்மைகளை மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். மேசைமேல் போர்க்களமாக விரிப்பதற்குத்தான் இந்த விரிப்பு. முடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம்.

இந்த விளையாட்டை நான் என் தம்பியோடு மட்டும்தான் விளையாடுவேன். அவன் சித்தியவானில் இருக்கிறான். அவன் வீடு இருப்பது, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, பிறகு வீடமைப்புப் பகுதியாக மாறிய இடம். அங்கே இருக்கிறவர்கள் இன்னும் தோட்டக் காலத்துப் பெயரில் 'ரெண்டாம் டிவிசன்' என்றுதான் சொல்வார்கள். லுமுட் பக்கம் கப்பல் பட்டறையில் அவனுக்கு வெல்டிங் வேலை. நாள் முழுவதும் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு பொம்மையின் புருவத்துக்கு மூன்று முடித் தூரிகையால் சாயம் வைப்பான். ஊரடங்குக் காலத்தில் பிடித்த பழக்கம். அவன் மனைவிக்கு அதில் ஈடுபாடு இல்லை. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை நான் ஈப்போவிலிருந்து காரோட்டிப் போய் அவனுக்கு எதிரியாக உட்காருவேன்.

ஒரு நாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பும்போது வலது காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறான். இன்னொரு ஷூ எங்கே என்று மனைவி கேட்டதற்கு, "போட்டுட்டேனே" என்றானாம். அவள் உடனே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனதால்தான் உயிர் பிழைத்தான். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்திருந்தது. அவனுக்கு வயது முப்பத்தெட்டு.

இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. அது எங்களுக்குப் புரிந்தது. புரியாதது வேறொன்று. சோற்றுத் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, கறி தீர்ந்துபோய்விட்டது என்பான். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைக் கண்டுபிடித்துச் சாப்பிடுவான். கண்ணில் குறை இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

ஏழு மாதம் அவன் பொம்மைப் பெட்டிகளைத் திறக்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு ஒரு மாலை அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அடுத்த மாசம் ஒரு கேம் போடுவமா?"

"போடலாம் லா," என்றேன்.

நாங்கள் எப்போதும் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பச்சைப் போர்வையை விரித்துத்தான் விளையாடுவோம். மறுநாள் அவன் தனியாகப் பொம்மைகளை அடுக்கிப் பார்த்திருக்கிறான். பலவீனமான இடது கை போர்வையில் சிக்கி இழுத்துவிட்டது. பாதிப் படை தரையில் விழுந்தது. இரண்டு ஈட்டிகள் ஒடிந்துபோயின. அன்று முழுவதும் அவன் யாரோடும் பேசவில்லை என்று அவன் மனைவி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். அதனால்தான் நான் அந்த மாடிக்கடைக்கு வந்தேன். கனமாக இருக்க வேண்டும், மேசையில் வழுக்கக் கூடாது, சுருக்கம் விழக் கூடாது.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. பளபளப்பான பிளாஸ்டிக் விரிப்பில் விளக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசும், மடித்தால் தடம் விழும் என்று சொல்லி அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டார். தரையில் விரித்திருந்த மூன்றும் ரப்பர் அடிப்பாகம் கொண்டவை. கணினி சுட்டிக்கு அடியில் போடுகிற அட்டை மாதிரி மெத்தென்று, மேலே துணி. பகடை உருட்டினால் சத்தமே வராது. ஒன்று புல்வெளி. ஒன்று வெறும் செம்மண் தரை. மூன்றாவது ஓர் இடிந்த நகரம். உடைந்த கல்பாவிய தெருக்கள், கருகிய உத்தரங்கள், சிதறிக்கிடக்கும் செங்கல் என்று யாரோ உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார்கள்.

தம்பி நல்ல உடம்போடு இருந்தபோது ஒருமுறை இந்த மாதிரி விரிப்பின் படத்தை எனக்கு அனுப்பி, "ஒருநாள் இதுல விளையாடணும்க்கா" என்று எழுதியிருந்தான். அது மனதில் நின்றுகொண்டது. செம்மண் விரிப்பைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருந்தது. அதைக் கொண்டுபோனால் நோயாளிக்கு வாங்கியது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மருத்துவமனையில் அவனுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனையே கேட்டிருக்கலாம். கேட்டால், அவனால் எது முடியாது என்பதைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்று பயந்தேன். இடிந்த நகரத்தை வாங்கினேன்.

சனிக்கிழமை அதைக் காரின் பின்னிருக்கையில் குறுக்காகப் படுக்கவைத்துச் சித்தியவானுக்குப் போனேன். வழியெல்லாம் ரப்பர் வாடை. விரிப்பை மேசைமேல் உருட்டியதும் தம்பி வலது கையால் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். எத்தனையோ மாதம் கழித்து அவன் முகம் முழுதாகச் சிரித்தது.

"ஏக்கா, இவ்வளவு நல்லதா எதுக்கு?"

என் பயம் எல்லாம் வீண் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இருபது நிமிடம் நீடித்தது.

அவன் குதிரைப்படையை வலது ஓரத்தில் நிறுத்தினான். ஈட்டிக்காரர்களை நடுவில் நிறுத்தினான். பிறகு பெட்டியைப் பார்த்து, "வில்லாளிங்க எங்க? எடுத்து வச்சேனே" என்றான். அவர்கள் அவனுக்கு இடப்பக்கம், உடைந்த செங்கல் படத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கவசம். எனக்கே ஒரு கணம் கண்ணுக்குப் படவில்லை.

"இங்க இருக்காங்க," என்று காட்டினேன். தலையை ஆட்டினான். அடுத்த சுற்றில் மறுபடியும் அவர்களை நகர்த்தாமல் விட்டுவிட்டான்.

என் காலாட்கள் அவனுடைய இடப்பக்கத்தில் எதிர்ப்பே இல்லாமல் நின்றார்கள். இன்னும் ஒரு சுற்றில் அவன் படையைப் பின்னாலிருந்து சுற்றி வளைத்துவிடலாம். நான் என்ன செய்வது? சொன்னால் அவன் குறையை நானே எடுத்துக் காட்டுவதாகும். சொல்லாமல் அடித்தால் இன்னும் கொடுமை. சமையலறை வாசலில் நின்று அவன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் ஆட்களைத் திருப்பி, ஒரு காரணமும் இல்லாமல், அவனுடைய வலப்பக்கமாக நடத்திப் போனேன். அவன் பார்வைக்குள், அவன் குதிரைகளுக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவன் பகடையைக் கையில் எடுத்தான். உருட்டவில்லை.

"ஏக்கா அவங்கள இந்தப் பக்கம் கொண்டு வர?"

"சும்மாதான்."

"அந்தப் பக்கமே இருந்தா நீ ஜெயிச்சிருப்ப. நான் பாக்கலைன்னு உனக்குத் தெரியும். அதான?"

அவன் கோபமாகக் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் பேசினான். "பட்டறையில இப்ப லேசான வேலை குடுத்திருக்காங்கல்ல, அங்கயும் இப்படித்தான் லா. எல்லாரும் சிரிச்சிக்கிட்டே என் கையிலேருந்து சாமான வாங்கிக்கிறாங்க. இங்கயாவது சும்மா இருப்பன்னு நெனச்சேன்." பிறகு விரிப்பைப் பார்த்தான். "இதுல எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. எல்லாம் ஒரே குப்பையா இருக்கு. சுருட்டி வச்சிடு."

பொம்மைகளைப் பெட்டியில் போட்டு விரிப்பைச் சுருட்டினேன். திரும்பி வரும் வழியில் நல்ல மழை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காரை ஓரம் கட்டி, வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு மாதம் கழித்து அவனாகத் திறந்த ஒரு கதவை நான் சாத்திவிட்டேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நான்கு நாள் அவன் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் மனைவி கூப்பிட்டாள். பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அவனே நடந்ததைச் சொல்லியிருக்கிறான். விளையாட்டு நல்லதுதான், ஆனால் படம் நிறைந்த தரை வேண்டாம், ஒரே நிறமாக இருக்கட்டும், இட ஓரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள், அந்தப் பட்டை கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் விளையாட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாராம்.

"அடுத்த வாரம் ஈப்போல டாக்டர் செக்கப் இருக்குக்கா," என்றாள். "அப்ப கடைக்கு அவரே வாரேன்னு சொல்றாரு."

"மாடிப்படி ரொம்பச் செங்குத்தா இருக்கும்மா."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஏறுவேங்கிறாரு."

அந்த நாள் வரைக்கும் எனக்குத் தூக்கம் சரியில்லை. கனவில் அவன் படியில் வழுக்கிக்கொண்டே இருந்தான். உண்மையில் அவன் வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, யாரையும் தொடவிடாமல் ஏறினான். பின்னால் நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, "கைய எறக்குக்கா" என்றான்.

கடைக்காரப் பெண் இடிந்த நகரத்தை என் கையில் பார்த்ததும் முகம் சுருங்கினார். ரோசாக் ஆகிவிட்டதா என்று கேட்டார். பழுது ஒன்றும் இல்லை என்றேன். அதற்குள் தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் சட்டைப் பையிலிருந்து நான்கு பொம்மைகளை எடுத்தான். தனக்குப் பக்கவாதம் வந்ததையும், இடப்பக்கம் நழுவிப்போவதையும், தெரிகிற மாதிரி ஒரு விரிப்பு வேண்டும் என்பதையும் மலாயில் நேராகச் சொன்னான். மூன்று வாக்கியம்தான். நான் ஒரு மாதமாக யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்து திரிந்தது அந்த மூன்று வாக்கியத்தைத்தான்.

அவர் உடனே மேசை ஒன்றைக் காலிசெய்தார். ஒவ்வொரு விரிப்பாக உருட்டினார். தம்பி பொம்மைகளை இட ஓரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் திறந்தான். "இதுல தெரியல." அடுத்தது. "இதுல ரெண்டு தெரியுது." புல்வெளியில் பூக்களின் வெள்ளைப் புள்ளிகள் அவனைக் குழப்பின. செம்மண் தரையில் கொஞ்ச நேரம் பார்த்தான். கழுத்தைத் திருப்பினான். "நாலு," என்றான். பிறகு அளவைப் பற்றிக் கேட்டான். ஆறடி அவனுக்குப் பெரிது. நாலுக்கு நாலு போதும், தலையைக் குறைவாகத் திருப்பினால் போதும் என்று அவனே கணக்குப் போட்டான். தொங்கும் ஓரத்தில் கை சிக்கக் கூடாது என்று மேசையின் அகலத்தையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். இதில் ஒன்றைக்கூட நான் யோசித்திருக்கவில்லை.

இடிந்த நகரத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வெளையாட வர்றவங்களுக்கு ஆகும்," என்றான். கடைக்காரப் பெண் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

செம்மண் விரிப்பின் இட ஓரத்தில் மஞ்சள் பட்டையை அவன் வீட்டில் அவனேதான் ஒட்டினான். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்தபோது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு கட்டளை போட்டான்.

"நான் கேட்டாதான் சொல்லணும். கேக்காட்டி அடி."

"சரி."

முதல் இரண்டு சுற்றும் ஒழுங்காகப் போயின. பகடையை எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் விரலால் மஞ்சள் பட்டையைத் தொட்டு, அங்கிருந்து கண்ணை நகர்த்திக்கொண்டு வந்தான். மூன்றாவது சுற்றில் களைத்துவிட்டான். பட்டையைத் தொட மறந்தான். என் குதிரைக்காரர்கள் ஆறு பேர் அவனுடைய இடப்பக்கம் வந்து நின்றிருந்தார்கள். அவன் நடுவில் இருந்த ஈட்டிக்காரர்களை முன்னால் தள்ளிவிட்டு, "உன் சுத்து" என்றான்.

பகடைகள் என் கையில் இருந்தன. அவன் மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் அளவு நாடாவை நீட்டித் தூரத்தை அளந்தேன். குதிரைகளை நகர்த்தி அவன் ஈட்டிக்காரர்களின் முதுகில் மோதவிட்டேன்.

அவன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினான்.

"இதுங்க எப்ப வந்துச்சு?"

"போன சுத்துல."

வெகுநேரம் அந்த ஆறு குதிரைகளையும் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். நாற்காலியைச் சற்று இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

"ம். உருட்டு," என்றான்.