சல்லடையில் தங்காதது

முழங்கை வரை கையை உரக் குவியலுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார் மைமூன். இருபது வருவதற்குள் கையை இழுத்துக்கொள்ளும்படி சுட்டால் எல்லாம் சரி. "நல்லாக் காச்சலடிக்குது" என்று கையை உதறிவிட்டு, அடுத்த சாக்கின் தையல் நூலைப் பல்லால் கடித்துப் பிரிப்பார். காப்பிப் பழத்தோல் புளித்த வாடையோடு சரியும். அதன்மேல் ஊரின் எச்சில் இலை, முட்டைத்தோடு, காய்கறிக் கழிவு. மேலே தகரம் மட்டும் போட்ட கொட்டகை. ஏற்காட்டுக்கு மேலே தலைச்சோலையில் மேகம் இறங்கும் நாட்களில் குவியலின் ஆவி எது, மேகம் எது என்று தெரியாது.

ஐம்பத்தொரு வயது. ஏற்காடு பஸ் நிலையத்துக்குக் கீழே டீக்கடை. விடிகாலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினால் மதியத்துக்குள் நாற்பது பால் கவர் தீரும். ஒரு கை வடிகட்டியில், ஒரு கை கிளாஸில். மிச்ச வேலையெல்லாம் பல்லுக்கு. மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதிதான் இருக்கிறது. சோடா மூடியைக் கடித்துத் திறக்கிறேன் என்று கல்யாணத்துக்கு முன்பு தம்பியோடு கட்டிய பந்தயம் அது. பந்தயத்தில் ஜெயித்தது தான்தான் என்பதைச் சொல்ல மறக்க மாட்டார்.

கடைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தெருவின் குப்பை எரிந்துகொண்டே இருந்த காலம் உண்டு. டீயில் புகை வாடை அடிக்கிறது என்று ஒரு டிரைவர் கிளாஸைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாராம். மறுநாளே இரண்டு வாளிகளோடு வீடுவீடாக ஏறிவிட்டார் மைமூன். இன்று அறுபத்திரண்டு வீடுகள், இரண்டு லாட்ஜுகள், அவர் கடையின் டீத்தூள் சக்கை. எல்லாம் பிற்பகலில் கிங்ஸ்டனின் சரக்கு ஆட்டோவில் மலையேறும்.

பால் கவரின் மூலையை முழுதாக வெட்டக் கூடாது என்பதில் அவர் கறார். வெட்டிய துண்டு காய்கறித் தோலோடு வாளிக்குப் போய்விடும், மட்கவே மட்காது. "காது அறுந்தும் அறாம தொங்கறாப்ல வெட்டோணும் கண்ணு" என்று மருமகளாக வந்த பெண்களிடமெல்லாம் செய்து காட்டுவார்.

கொட்டகை நிற்பது சின்னையனின் நிலத்தில். காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார். உரத்தில் பிளாஸ்டிக் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு இடம் கொடுத்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு காலையில் கடைக்கு வந்து டீ சொன்னார். சட்டைப் பையிலிருந்து மூன்று பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்துப் பலகாரக் கண்ணாடிப் பெட்டி மேல் வரிசையாக வைத்தார். சுண்டுவிரல் நகமளவு. மூன்றும் பால் கவர் மூலைகள்.

"மொளகுக்கொடி வேர்ல கெடந்துச்சுங்க அம்மிணி. வர்ற ஞாயித்துக்கெழம மூட்டையில இன்னொண்ணு பாத்தன்னா, தகரத்தப் பிரிச்சு எடுத்துக்குங்க."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மைமூன் அந்த மூன்று துண்டுகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினார். மேனகா என்கிற டெய்லர் வீட்டில்தான் முதலில் ஏறியது. கத்தரிக்கோல் அங்கேதானே அதிகம். மேனகா அன்றைய கவரைத் தூக்கிக் காட்டினாள். மூலை தொங்கிக்கொண்டிருந்தது. "வெட்டறதே என்ற பொழப்பு. எனக்கே வெட்டச் சொல்லித் தர்றீங்களாக்கா?" என்றாள். அப்படியே முப்பது வீடு. பின்னாலேயே ஆட்டோவை உருட்டி வந்த கிங்ஸ்டன்தான் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கத்தரிக்கோல் வெட்டு நேராக இருக்கும், பெரிதாகவும் இருக்கும், சல்லடையிலேயே தங்கிவிடும். இது கடித்துத் துப்பியது, சின்னது, சல்லடைக் கண்ணில் நழுவிவிடும் என்றான்.

கடித்தவன் லாட்ஜ் சமையல்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்று மைமூன் முடிவுகட்டினார். லாட்ஜின் பின்வாசலில் நின்று, பத்துப் பேர் பார்க்க, ஐயாக்கண்ணுவை ஒரு பிடி பிடித்தார். அறுபத்தெட்டு வயசு ஐயாக்கண்ணு பொறுமையாகக் கேட்டார். பிறகு வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே ஈறு மட்டும்.

"எதுல கடிக்கிறதுங்க சாமி?"

லாட்ஜ் பையன்கள் சிரித்த சிரிப்பு அன்று சாயங்காலத்துக்குள் பஸ் நிலையம் வரை வந்துவிட்டது.

மறுநாள் விடிகாலை. இரண்டாம் கவர். வலது கை பாத்திரத்தில் இருந்ததால் இடது கை கவரைத் தானாக வாய்க்குத் தூக்கியது. கடித்தார், துப்பினார். துண்டு சக்கை வாளியில், நேற்றைய தூளின்மேல், போய் உட்கார்ந்தது. மைமூன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வாளியிலிருந்து எடுத்துப் பார்த்தார். விளிம்பில் சீரான கடி, நடுவில் ஒரு பல் மட்டும் எட்டாத மேடு. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அந்த மூன்றிலும் அதே மேடு.

அன்று கடை திறக்கவில்லை. சலித்துக் கட்டி வைத்திருந்த ஒன்பது மூட்டைகளையும் கொட்டகையில் தார்ப்பாயில் கொட்டி, உட்கார்ந்து, கையால் அளைந்தார். பதினேழு துண்டுகள். அவற்றை அடுப்பில் போட்டிருந்தால் கேட்பார் இல்லை. கிங்ஸ்டன் அதைத்தான் சொன்னான். அவர் ஒரு டம்ளரில் போட்டு எடுத்துக்கொண்டு முதலில் லாட்ஜ் பின்வாசலுக்குப் போனார், பிறகு மேனகா, பிறகு அந்த முப்பது வீடும். மேனகா உள்ளே போய்ப் பழைய கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னையன் வந்தார். கண்ணாடிப் பெட்டி மேல் டம்ளர் இருந்தது, பதினேழு துண்டுகளோடு.

"யாருதுன்னு தெரிஞ்சுதுங்களா?"

மைமூன் மேலுதட்டைத் தூக்கி உடைந்த பல்லைக் காட்டினார்.

சின்னையன் பல்லைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். டீயை முழுதாகக் குடித்தார். கிளாஸை வைக்கும்போது, "தகரம் இருக்கட்டுங்க. அடுத்த மூட்டையையும் பாப்பம்" என்றார்.

அவர் போனதும் மைமூன் அடுப்புக்கு மேலே ஓர் ஆணி அடித்தார். சாக்கு நூலை நீளமாக உருவி, மேனகா கொடுத்த கத்தரிக்கோலின் வளையத்தில் கோத்து, ஆணியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். மிச்ச நூல் தொங்கியது. அதைப் பல்லால் கடித்து அறுத்தார். துப்பப் போனவர் நிறுத்தி, உள்ளங்கையில் எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.