இஸ்திரிக்காரர் வாஃபிள் சுட்ட வாரம்

எங்கள் எதிர்வீட்டில் குடியிருப்பவரை மாடியில் எல்லோரும் இஸ்திரிக்காரர் என்றுதான் சொல்வோம். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் நீராவி பிரஸ் முன்னால் நிற்கிற வேலை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. முகத்தில் இருப்பதை யார் தேய்த்துக் கொடுப்பது? மனைவி பிரிந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. பத்து வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அப்பாவிடம் வருவாள்.

போன தடவை வந்தவள் சாயங்காலம்வரை இருக்கவில்லை. "போரடிக்குதுப்பா, அம்மாவ வரச்சொல்லுங்க" என்று மத்தியானமே செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் போன பிறகு மனுஷர் என் வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த தடவையும் இப்படிக் கிளம்பிட்டாள்னா, அப்புறம் வரவே மாட்டாக்கா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கடையில் அவள் ஆசையாகக் கேட்பது வாஃபிள், கட்டம் போட்ட இரண்டு சூட்டுத் தட்டுகளுக்கு நடுவில் மாவை ஊற்றிச் சுடுகிற இனிப்பு அப்பம். அதை வீட்டிலேயே செய்தால் என்ன என்று யாரோ இவர் காதில் போட்டுவிட்டார்கள். பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்து, போனில் செய்முறை வீடியோவை ஓடவிட்டு, மைதாவும் முட்டையும் பாலுமாக இறங்கிவிட்டார். கலக்குவதற்குப் பாத்திரம் நான் கொடுத்தேன். கூடவே வேடிக்கை பார்க்கவும் போனேன்.

மாவு பதமாகத்தான் இருந்தது. ஊற்றி மூடினார். ஓரங்களில் ஆவி கிளம்பியதுதான் தாமதம், படாரென்று மூடியைத் தூக்கினார். வாஃபிளில் பாதி மேல்தட்டோடு போனது, பாதி கீழே தங்கியது. அடுத்ததும் அதே கதி. முட்டையைத் திட்டினார், மெஷினைத் திட்டினார், விற்றவனைத் திட்டினார்.

"வீடியோல என்ன சொல்றாங்க தம்பி?"

"ஆவி நிக்கிறவரைக்கும் திறக்கக் கூடாதாம்."

"அப்புறம் ஏன் திறக்கிறீங்க?"

"எனக்குத் தெரியுதுக்கா. கை கேக்க மாட்டேங்குது."

பிரஸ்ஸில் ஆவி அடித்த கையோடு மூடியைத் தூக்கியாக வேண்டும், இல்லையென்றால் துணி பாழ். வருஷக்கணக்கில் அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் முழுக்க வேலைவிட்டு வந்ததும் இதே பாடு. பிய்ந்ததும் கருகியதும்தான் ராத்திரிச் சாப்பாடு. அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. அதனால் மெஷினோடு பேசினார். "திறக்க மாட்டேன், திறக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையன்போலக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. சனிக்கிழமைதான் ஒன்று முழுசாக, பொன்னிறமாக வந்தது. அதைத் தட்டில் வைத்து என்னிடம் காட்டிவிட்டு, சாப்பிட மனசில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. என் கதவை லேசாகத் திறந்தே வைத்திருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் வந்தது, போனது. பெண் கிளம்பவில்லை. "இன்னொண்ணுப்பா, இத நான்தான் ஊத்துவேன்" என்று குரல் கேட்டது. சிரிப்பும் கேட்டது. எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பொழுது சாய்ந்ததும் கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. பெண் கையில் டப்பாவோடு வெளியே வந்தாள்.

"அம்மாவுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போறேன்ப்பா. நீங்க செஞ்சதுன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க!"

அதுவரை மலர்ந்திருந்த அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது.

"கடையில வாங்கினதுன்னு சொல்லிடும்மா."

"ஏன்ப்பா? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீ அப்படியே சொல்லு."

"சரி. அடுத்த மாசம் நிறைய மாவு கலந்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் குதித்து இறங்கினாள். வண்டி கிளம்பும்வரை அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன தம்பி இது! பெருமையா சொல்லிக்க வேண்டிய விஷயத்த மறைக்கச் சொல்றீங்க?"

"அத்தன வருஷம் கூட இருந்தவக்கா. காய்ச்சல்ல கிடந்தப்பகூட எந்திரிச்சு அவளே காபி போட்டுக் குடிச்சா. நான் அடுப்புப் பக்கமே போனதில்ல" என்றார். "இப்ப நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா, அது அவளுக்கு இனிக்கவா செய்யும்?"