பின்விளக்கு பார்க்கும் மனிசன்

ரயிலைக் கைகாட்டி மறிக்கும் இடத்தில் இருந்தேன் என்றால் ஊரில் உள்ள நீங்கள் சிரிப்பீர்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில் என்ற ஊரையும் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு ஸ்ரேசன். ஒரு பலகைக் கொட்டிலும் பெயர்ப்பலகையும்தான். மாஸ்ரர் இல்லை, மணி இல்லை, ரிக்கற் தர ஆளில்லை, தேத்தண்ணீர் விற்க ஒரு நாதியில்லை. விடிய ஒரு ரயில் நகரத்துக்குப் போகும், பின்னேரம் திரும்பும்.

எண்பத்தாறில், எங்களைப் பொறுப்பெடுத்த தேவாலயக்காரர் அங்கே ஒரு பண்ணைவீட்டின் மேல்மாடியைத் தந்தார்கள். என் கணவர் கோழிக்கூடு கழுவினார். இலங்கையில் மலைநாட்டு ரயில்பாதையில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். நகரத்து ரயில் கம்பனி ஒன்று ரிக்கற் கவுண்டர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, இந்த நாட்டுக்கு வந்தபின் முதல்தடவையாகச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டார். கோழிப்பீ நாற்றத்திலிருந்து தப்ப அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

நேர்முகத்தன்று காலை ஸ்ரேசனில் நின்றபோது, நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்து ஏதோ வேகமாகச் சொல்லிக் கையை உயர்த்திக் காட்டினாள். இவரும் பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

"நல்ல மனுசி, பயணம் சொல்லிப்போட்டுப் போறா" என்றார்.

"இஞ்சருங்கோ, கை காட்டினால்தான் ரயில் நிக்குமோ?"

"விசர்க்கதை கதையாதையும். பிளாட்போமில நிண்டு கையை ஆட்டினால் அபாயமெண்டு அர்த்தம். உப்பிடி ஆட்டின எத்தினை பேரைப் பொலிசில பிடிச்சுக் குடுத்தனான்."

ரயில் விஷயத்தில் அவரை மிஞ்சி நான் என்ன சொல்ல? ரயில் வந்தது. கோட்டுப் பொத்தானைப் பூட்டி, இரண்டு கையையும் தொங்கவிட்டு, ரயிலை வரவேற்கிற மாஸ்ரராகவே நிமிர்ந்து நின்றார். சாரதி வேகத்தைக் குறைத்தான், எங்களைப் பார்த்தான், ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டான். இவர் ஓடவில்லை. கழுத்தைத் திருப்பிக் கடைசிப் பெட்டியைப் பார்த்தார்.

"பின்விளக்கு இருக்குது" என்றார். பெட்டி ஒன்றும் கழன்று பின்னுக்கு நிற்கவில்லை என்று உறுதிசெய்கிற பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல்தடவை என்றில்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கத்தி பொல்லுகளோடு ஒரு கும்பல் அவருடைய ஸ்ரேசனில் காத்து நின்றது. வந்த ரயிலில் தமிழ்ச் சனம். அதே ரயிலில் தப்பத்தான் நானும் பெட்டியோடு நின்றேன். இவர் பச்சைக்கொடியைக் காட்டி, நிற்கவேண்டிய ரயிலை நிற்காமலே அனுப்பிவிட்டார். சனம் தப்பியது. எங்கள் குவாட்டேர்ஸ் எரிந்தது, அவருக்கு விழுந்த அடி இன்றும் மழைக்கு நோகும். அவர் செய்தது சரிதான், தெரியும். ஆனாலும் பிளாட்போமில் நின்ற என்னை அவர் ஒருதரமாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு பால் லொறியில் தொற்றி, பிந்தித்தான் நேர்முகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏன் பிந்தியது என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னார். கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, திரும்பவும் சொல்லச் சொன்னானாம். இவரும் சொன்னாராம். வேலை கொடுக்கவில்லை.

"கோப்பி தந்தவங்கள், நல்ல கோப்பி" என்று வந்து சொன்னார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நகரத்தில், ரெக்ஸ்டேலில் வீடு கிடைத்தது. பண்ணையை விட்டுப் போகிற நாளில் நான்தான் கையை உயர்த்தினேன். ரயில் நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறித் திரும்பிப் பார்த்தால், இவர் கையைத் தொங்கவிட்டு, ரயிலை வழியனுப்புகிற மாஸ்ரராகவே அங்கேயே நிமிர்ந்து நிற்கிறார்.

"ஏறுங்கோவன்!"

கதவு மூடி ரயில் வெளிக்கிட்டது. நான் கண்ணாடியில் தட்டத் தட்ட, இவருடைய முகம் என்னைத் தாண்டிக் கடைசிப் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தது.