எங்கட F12 கொன்சி

கொன்சி போயிட்டாள்.

காலமை அவள்ட மனுசன் போன் எடுத்துச் சொன்னவர். ரெண்டு வருஷமா கிட்னி வருத்தம்... தெரியும்தான். எண்டாலும் இண்டைக்கெண்டு நினைக்கேல்ல.

உங்களில நிறையப் பேருக்கு அவளைத் தெரியாது. சண்டை முடிஞ்சு சனம் ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்த நேரம், மன்னார் டவுனில ஒரு பேக்கரிக்கு மேல, வெப்சைட் செய்யிற சின்னக் கந்தோர் ஒண்டு இருந்தது. நான், கொன்சி, முதலாளி அண்ணன். மூண்டே பேர்.

நான் புத்தளத்தில வளர்ந்து திரும்பினவள். அவள் இந்தியாவில மண்டபம் காம்பில வளர்ந்து, அங்கயே கம்ப்யூட்டர் படிச்சுப்போட்டுத் தன்ட ஊர் அரிப்புக்குத் திரும்பினவள். சந்தோஷமா இருந்தா "ஓம்" எண்டுவாள். கோபம் வந்தா "ஆமா" எண்டுவாள். நாங்கள் அதை வச்சே அண்டைக்கு மழையோ வெயிலோ எண்டு பார்த்துக் கொள்ளுவம்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள்... நான் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வெப்சைட்டோட மல்லுக்கட்டிக் கொண்டிருந்தனான். மெனு கீழ இறங்காமல் படத்துக்கு மேல ஏறி நிண்டது. கோட்டில ஒரு நம்பரை மாத்துறது, டொங்கிளில அப்லோட் பண்ணுறது, காத்திருக்கிறது, பார்த்தா பிழை. திரும்பவும் முதல்ல இருந்து. காலமை தொடங்கினது.

பக்கத்துக் கதிரையில இருந்து பார்த்துக் கொண்டிருந்தவள், "இதுக்கா இவ்ளோ நேரம்?" எண்டு கேட்டுப்போட்டு எட்டி F12 ஐ அமத்தினாள்.

ஸ்கிரீன் ரெண்டாப் பிரிஞ்சு, கீழ அந்தப் பக்கத்தின்ர கோட் முழுக்க வந்தது. மெனுவுக்குரிய நம்பரில கர்சரை வச்சு, கீபோர்ட்டில அம்புக்குறியைத் தட்டத் தட்ட மெனு கொஞ்சம் கொஞ்சமாக் கீழ இறங்குது. எங்கட ஸ்கிரீனில மட்டும்தான் மாறும், சரியான நம்பரைக் கண்டுபிடிச்சாப் பிறகு ஒருக்கா அப்லோட் பண்ணினாக் காணும் எண்டாள்.

என்ட பிளேன்டீ ஆற முதல் வேலை முடிஞ்சுது.

உண்மையைச் சொன்னா எனக்குப் பத்திக் கொண்டு வந்தது. மத்தியானம் வரைக்கும் அவளோட கதைக்கேல்ல. சாப்பாட்டு நேரம் தன்ட மீன் பொரியலில பாதியை எடுத்து என்ட சாப்பாட்டுக் கோப்பையில வச்சாள்... அதோட சரி.

முதலாளி அண்ணனும் தப்பேல்ல. ஒரு நாள் வெதர் பக்கத்தைத் திறந்து, F12 ஐ அமத்தி, "மன்னார்: 3 டிகிரி, பனி விழும்" எண்டு எழுதிப்போட்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் போனில படம் எடுத்துக் கனடாவில இருக்கிற தம்பிக்கு அனுப்பி, மனுசிக்கும் போன் போட்டுட்டார். நாங்கள் ரெண்டு பேரும் சிரிப்பை அடக்கேலாமல் மேசைக்குக் கீழ.

ஆனா அந்த செபஸ்தியாம்பிள்ளை ஐயான்ட கதையைச் சொல்லாமல் கொன்சியைப் பற்றி எழுதேலாது.

இலுப்பைக்கடவையில இருந்து பஸ் ஏறி வந்தவர். வீட்டுத்திட்டத்துக்கு ஒன்லைனில போர்ம் அனுப்ப வேணும். அண்டைக்குப் பின்னேரம்தான் கடைசி. ரெண்டு கடையில முயற்சி செய்து சரிவராமல், கம்ப்யூட்டர் கந்தோர் எண்டு ஆரோ சொல்ல எங்களிட்ட ஏறி வந்திருக்கிறார்.

வரப்பிரகாசம் செபஸ்தியாம்பிள்ளை. அவர்ட முழுப் பேர். டைப் பண்ணினா "செபஸ்தியாம்ப" எண்டதோட நிண்டிடும், அதுக்கு மேல ஏறாது. அனுப்பினா, அடையாள அட்டையில உள்ள பேர் இது இல்லையெண்டு சிவப்பில வரும். நான் நாலு தரம் அடிச்சுப் பார்த்தன்.

ஐயா அடையாள அட்டையைத் துடைச்சுத் துடைச்சு வச்சுக் கொண்டிருந்தவர்.

கொன்சி F12 ஐ அமத்தி அந்தப் பெட்டியின்ர கோட்டைப் பார்த்தாள். பேருக்கு இருபத்தஞ்சு எழுத்துதான் எண்டு வச்சிருக்கிறாங்கள். கொம்பு, அரவு, குற்று எண்டு எழுத்தோட ஒட்டுற குறி எல்லாம் அங்க தனித்தனி எழுத்தாத்தான் கணக்கு... ஐயான்ட பேர் முப்பது.

அந்த இருபத்தஞ்சை அழிக்கப் போறன் எண்டாள். எனக்குப் பயமாப் போச்சு. கவர்மென்ட் போர்மில கை வைக்கிறது பிழை இல்லையோ எண்டு கேட்டன்.

"அவர்ட பேரை அவர் முழுசா எழுதுறதில என்ன பிழை?"

அழிச்சாள். பேரை முழுக்க அடிச்சாள். அனுப்பினாள். ஸ்கிரீனில வட்டம் சுத்திக் கொண்டு நிண்டுது. பிறகு பச்சையில பதிவு நம்பர் வந்தது.

ஐயா ஸ்கிரீனுக்குக் கிட்டக் குனிஞ்சு தன்ட பேரை ஒருக்கா வாய்விட்டு வாசிச்சவர். பிறகுதான் கதிரையில இருந்தவர்.

கொன்சி அதோட விடேல்ல. பக்கத்துக்குக் கீழ இருந்த கொழும்பு நம்பருக்குப் போன் போட்டு, எந்த வரியில என்ன பிழையெண்டு சொன்னாள். எங்கட சனத்தின்ர பேர் எல்லாம் நீளம், எத்தினை பேர் திரும்பிப் போயிருப்பினமோ எண்டும் சொன்னாள். அங்க இருந்தவர் நீங்கள் எந்தக் கம்பனி எண்டு கேட்டிருக்கிறார்.

"பேக்கரிக்கு மேல" எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டாள்.

ரெண்டு நாளைக்குப் பிறகு அந்தப் போர்மைத் திறந்து பார்த்தா இருபத்தஞ்சு நூறா மாறியிருந்தது. "ஓம், ஓம், ஓம்" எண்டு கந்தோர் முழுக்கச் சுத்தினாள்.

ஐயாக்கு வீடு கிடைச்சது. எங்களுக்கு ஒரு பை கருவாடு. ஒரு கிழமையா கம்ப்யூட்டர் எல்லாம் பாரைக்கருவாடு மணந்தது.

பிறகு கந்தோர் மூடிட்டுது, ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம். எண்டாலும் நான் செய்யிற ஒவ்வொரு வெப்சைட்டும் அவளுக்குப் போகும். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்து ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருந்தாள், சிவப்பு வட்டம் போட்டு. "போன்ல பாருடி, பட்டன் வெளிய நிக்குது."

நாளைக்குப் பார்க்கிறன் எண்டு பதில் போட்டனான். பார்க்கேல்ல.

இண்டைக்கு அவள்ட மனுசன் போனை வச்ச உடன அந்த வெப்சைட்டைத்தான் திறந்தன்.

பட்டன் உள்ளுக்கு வந்திட்டுது கொன்சி. நாளைக்கு அரிப்புக்கு வாறன்.