ஐந்து தட்டுத் தம்ரூட்

நான்கு பிள்ளைகளை அடுத்த அறையில் விட்டுவிட்டு அடுப்படியில் நின்றவளுக்குக் காதுதான் கண். சத்தம் கேட்டால் பயமில்லை. சத்தம் நின்றால்தான் கையைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த வியாபாரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிள்ளைகளிடம் பழகியதை வைத்தே வேலைக்கு வந்த பெண்களிடமும் வாசலுக்கு வந்த ஆட்களிடமும் பழகினேன். அதில் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற நாட்கள் எல்லாம் கலந்துபோய்விட்டன, அந்த நாள் கலக்கவில்லை.

காரைக்காலில் பிரான்சுக் கொடி இறங்கி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் சைகோனில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அங்கே சண்டை வந்த பிறகு கடிதம் வருவது அருகிப்போயிற்று. நான் வீட்டுக்குள்ளேயே பணியாரம், தம்ரூட் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். ரவையில் முட்டையும் நெய்யும் சீனியும் கலந்து, தட்டின் அடியிலும் மூடியின் மேலும் தணல் போட்டு வேகவைப்பது தம்ரூட். கவனம் தப்பினால் கல்லாகிவிடும்.

ஆண்களோடு பேச எனக்கு வராது. முன்கதவுத் திரைக்குப் பின்னால் நின்று நான் மெதுவாகச் சொல்வேன். பத்து வயதான என் மூத்த மகள் திரைக்கு வெளியே நின்று அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். இப்படித்தான் எங்கள் வியாபாரம் நடந்தது.

எங்கள் தெருவின் கடைசியில் சைகோன் வீடு என்று ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு மாமியின் கணவர் சைகோனிலேயே இறந்தவர். அவர் இறந்த நாளில் வருஷ பாத்திஹா ஓத ஐந்து தட்டுத் தம்ரூட் கேட்டார்கள். அவருக்கு அது பிடிக்குமாம். ஓதி முடித்ததும் நாற்பது வீட்டுக்குப் பங்கு போகும். நாற்பது வீட்டிலும் நன்றாக இருந்தது என்றால் என் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க அடுப்பு எரியும். நன்றாக இல்லை என்றால் அந்த நாற்பது வாசலும் ஒரே நாளில் மூடிவிடும்.

என்னோடு மூன்று பெண்கள். பக்கத்து வீட்டில் இருந்த விதவை ஒருவர், என்னைவிட மூத்தவர், அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவேன். கோவில்பத்திலிருந்து நடந்து வந்து தணல் பார்ப்பவள் ஒருத்தி. மூன்றாவது, கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஓர் இளம்பெண். மாமியார் வீட்டில் அவளுக்கு ஏச்சுப்பேச்சுக்குக் குறைவில்லை. என்னிடம் வேலைக்கு வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டாள். அன்று முட்டை உடைக்கும் வேலை அவளுடையது.

அம்பகரத்தூரிலிருந்து ஒரு அம்மாள் உமி நிரப்பிய கூடையில் முட்டை கொண்டுவருவார். வெயில் காலம். அதனால் ஒரு முறை வைத்திருந்தேன்: ஒவ்வொரு முட்டையையும் முதலில் சிறு கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். கலவையையும் தட்டுக்குத் தட்டு தனித்தனியாகத்தான் கலப்போம்.

விடியலில் சுபுஹு தொழுததும் ஆரம்பித்தோம். பதினொரு மணிக்கு ஐந்து தட்டும் இறங்கி, உள்ளறையில் வெள்ளைத் துணிக்குள் ஆறிக்கொண்டிருந்தன. ஓதுகிற பண்டத்தை ஓதி முடிக்கும் வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. இனிப்புப் பார்க்கவும் கூடாது. அதனால் செய்தவர்களுக்கே ருசி தெரியாது.

கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கழுவி வைத்த அண்டாவை மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, பளபளன்னு தேய்க்கிறே? ஒன் மாமியாரு மொகம் பாக்க வர்றாளா?" என்றார் லாத்தா.

"தேச்சுத் தேச்சுக் கரிதான் மிச்சமில்ல. அண்டாவையாவது விட்டு வை தாயி" என்றாள் கோவில்பத்துக்காரி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அண்டாவை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

என் இரண்டாவது மகளுக்கு அப்போது ஏழு வயது. ஏதாவது உடைத்துவிட்டால் அன்றைக்கு யாரும் சொல்லாமலே முற்றம் கூட்டுவாள், தம்பிக்குச் சட்டை போட்டுவிடுவாள். அவள் நல்ல பிள்ளையாக இருக்கிற நாளில்தான் நான் சாமான்களை எண்ணிப் பார்ப்பேன்.

எழுந்து போய்ப் பன்னீர்க் குப்பியைப் பார்த்தேன். தட்டுக்கு ஒரு கரண்டிதான் ஊற்றுவோம். காலையில் நிறைந்திருந்த குப்பி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கெட்ட முட்டை உள்ளே போயிருக்கிறது, வாடையை மறைக்கப் பன்னீர் போயிருக்கிறது. கிண்ணத்தில் உடைக்காமல் நேரே உடைத்திருக்கிறாள். எந்தத் தட்டில்? உள்ளறைக்குப் போய் ஒவ்வொரு துணியாகத் தூக்கி முகர்ந்தேன். மூடிய அறையில் ஐந்தும் ஒரே பன்னீர் வாசனை. வாயில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. மதியத் தொழுகையான லுஹர் முடிந்ததும் சைகோன் வீட்டு ஆட்கள் எடுக்க வந்துவிடுவார்கள். புதிதாகச் செய்ய முட்டை இல்லை, நேரமும் இல்லை.

எந்தத் தட்டு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரியாவிட்டால் ஐந்தையும் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நாற்பது வீட்டுப் பிள்ளைகளில் யாருக்கோ வயிறு கெடும்.

நேராகப் போய்க் கேட்க வாய் துடித்தது. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பால் குவளை உடைந்தபோது அந்த இரண்டாவது மகளின் கையைப் பிடித்து "யாருடி உடைச்சா?" என்று கத்தினேன். தம்பியைக் காட்டினாள். அவனுக்கு இரண்டு அடி விழுந்தது. உடைத்தவள் அவள்தான் என்று மறுநாள் தெரிந்தது. பொய் சொல்ல நான்தான் பழக்கினேன் என்று அன்று எனக்கு உறைத்தது. அதன்பிறகு வேறு மாதிரி செய்வேன். "நான் கெணத்தடிக்குப் போறேன். திரும்பி வர்றதுக்குள்ள ஒடஞ்சது வாசலுக்கு வந்திருக்கணும். யாருன்னு கேக்க மாட்டேன்" என்பேன். வந்திருக்கும். கேட்கவும் மாட்டேன்.

அது ஏழு வயசுப் பிள்ளைக்கு. கல்யாணமான பெண்ணிடம் பலிக்குமா? பலிக்காமல் போனால்?

மூன்று பேரையும் கூப்பிட்டேன்.

"நான் லுஹர் தொழப் போறேன். தொழுதுட்டு வர்றதுக்குள்ள, ஓதுறதுக்கு ஆகாத தட்டு எதுவோ அது பின்வாசல்ல இருக்கணும். யாரு, என்னான்னு நான் கேக்க மாட்டேன். இன்னைக்கும் கேக்க மாட்டேன், என்னைக்கும் கேக்க மாட்டேன்."

"என்னாக்கா சொல்றீங்க? ஆகாத தட்டா?" என்றாள் கோவில்பத்துக்காரி. லாத்தா முந்தானையைச் சரிசெய்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

அன்றைய தொழுகையை இறைவன் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியாது. நெற்றி பாயில் இருந்தது, காது பின்வாசலில் இருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலடி. தட்டு தரையில் உரசும் சத்தம். அல்லாவே என்று மூச்சு விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலடி, இன்னொரு உரசல். வெளியே வைத்தவள் மனசு மாறித் திருப்பி உள்ளே வைக்கிறாளோ என்று, தொழுகை முடித்து சலாம் கொடுக்கும் வரை பதறினேன்.

பின்வாசலுக்குப் போனேன். அங்கே இரண்டு தட்டுகள் இருந்தன.

குனிந்து பார்த்தேன். முதல் தட்டில் வெளிக்காற்று பட்டுப் பன்னீர் அடங்கியிருந்தது. அடியில் அந்த வாடை லேசாக, ஆனால் நிச்சயமாக இருந்தது. இரண்டாவது தட்டு பொன்னிறமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. மூலையில் மட்டும் இரண்டு விரல் அளவு பிய்த்து, தெரியாமல் இருக்க மறுபடி அழுத்தியிருந்தது. முற்றத்தில் என் கடைக்குட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு வயது. தாடையில் நெய் மினுங்கியது. பிள்ளை அழுதிருக்கிறான், அன்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்த லாத்தா மனசு கேட்காமல் பிய்த்துக் கொடுத்திருக்கிறார். கெட்ட தட்டில் கை வைக்காமல் விட்டாரே என்று முதலில் நெஞ்சு ஆறியது. அடுத்த நொடி கோபம் வந்தது. அவ்வளவு அருமையான தட்டு, ஓதுவதற்கு இனி ஆகாது.

லாத்தாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். கேட்டிருந்தால் ஒரு நொடியில் என் ஆத்திரம் தீர்ந்திருக்கும். கேட்க மாட்டேன் என்று சொன்னவள் நான். பிள்ளையிடம் சொன்ன வாக்கு நமக்கு நஷ்டம் வரும்போதுதான் வாக்கு. இரண்டு தட்டையும் துணியால் மூடினேன்.

"மூணு இருக்கு. மூணைக் கட்டுங்க" என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே முன்வாசலில் மணிச்சத்தம். மாமியின் மகன் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். மேரி என்று நாங்கள் சொல்கிற நகராட்சி அலுவலகத்தில் வேலை, நாற்பது வயதிருக்கும். வழக்கம்போல் மூத்த மகள் திரைக்கு வெளியே போய் நின்று, நான் சொல்வதற்காகக் காதைச் சாய்த்தாள். அவளைப் பார்த்தேன். இதை அவள் வாயால் சொல்ல வைத்தால் வசவும் அவள்மேல்தான் விழும்.

"நீ உள்ள போ" என்றேன்.

"நீங்களா பேசப் போறீங்க?" என்று அவள் கண்ணை விரித்தாள்.

திரையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். "நானா, மூணு தட்டுதான் இருக்கு. ரெண்டு தர மாட்டேன். சரியா வரல."

அவர் வண்டியை விட்டுவிட்டுத் திரைக்குக் கிட்டே வந்தார். "என்னா வெளையாட்டு இது? அஞ்சுன்னு சொல்லிட்டு மூணா? ஓதறதுக்கு ஆலிமுசா வந்து உக்காந்தாச்சு. நாப்பது வீட்டுக்குச் சொல்லியாச்சு. எங்க உம்மாகிட்ட யாரு பதில் சொல்றது? நீங்களா சொல்வீங்க?"

தெருவே கேட்கும்படி கத்தினார். ஆனால் குரலைக் கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது. என் மூத்த பையன் தவறு செய்தால் அழுவான், பயந்தால் கத்துவான். இது பயந்த பிள்ளையின் கத்தல். இவருக்குத் தம்ரூட்டைப் பற்றிக் கவலை இல்லை, உம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்று கவலை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் நியாயம் பேசிப் பயனில்லை. அந்தச் சுமையை முதலில் இறக்க வேண்டும்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் நானா. மூணையும் வண்டியில ஏத்திட்டு வாங்க. நானே வந்து மாமிகிட்ட சொல்றேன்."

கத்தல் சட்டென்று நின்றது. "நீங்களா?" என்றார், வேறு குரலில்.

வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடந்தேன். நட்ட நடுப்பகலில், ஆண்கள் நிற்கிற தெருவில், தனியாக நான் நடந்தது அதுவே முதல் தடவை. அந்த வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமி.

"அஞ்சுல ரெண்டு கெட்டுப்போச்சு மாமி. ஒண்ணுல முட்டை சரியில்ல. ஒண்ணு ஓதறதுக்கு முந்தியே புள்ள வாயில பட்டுருச்சு. மூணும் சுத்தம். அதுக்கு நான் பொறுப்பு."

யாரோ "ஆம்பள இல்லாத வீட்டுல வேலய குடுத்தா இப்படித்தான்" என்று முனகினார்கள்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெட்ட முட்டைய ஒடச்சது யாரு?"

"நான்தான் மாமி."

"ம். கெட்டதைச் சொல்லிட்டு வந்தே, சொல்லாம குடுத்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். சரி, மூணை உள்ள வை. துண்டைச் சின்னதா போடலாம். அடுத்த வருஷமும் நீயே செய். ஆனா அந்த முட்டைய ஒடைக்கிற வேலைய மட்டும் வேற ஆள்கிட்ட குடு."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குடத்தைப் போட்டு உடைத்த பிள்ளையை மறுநாளே தண்ணீருக்கு அனுப்பாவிட்டால் அது பிறகு குடத்தையே தொடாது. "இல்ல மாமி. அடுத்த தடவையும் அந்தப் பொண்ணுதான் ஒடைப்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. மாமியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"எந்தப் பொண்ணு? நீதான் ஒடச்சேன்னு சொன்னே?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி சிரித்தாரா, அலுத்துக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. "போ, போய்ப் புள்ளைங்களுக்குச் சோத்தைப் போடு. பொய் சொல்ற வேலை ஒனக்கு ஆவாது" என்றார்.

அன்று மாலைத் தொழுகையான அஸருக்கு முன் ஓதி முடித்தார்கள். நாற்பது வீட்டுக்கும் சின்னத் துண்டாகப் போயிற்று. யாரும் குறை சொன்னதாகக் காதில் விழவில்லை.

அந்தப் பெண் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு தட்டு கேட்டார்கள். என் இரண்டாவது மகளை அனுப்பி, "முட்டை வந்துருக்கு, ஒடைக்க ஆள் இல்லன்னு உம்மா சொன்னாங்க" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். வந்தாள். எதிரே கூடையை வைத்தேன். லாத்தா ஏதோ கேலி பேச வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அந்தப் பெண் முதல் முட்டையை எடுத்தாள். கிண்ணத்தில் உடைத்தாள், முகர்ந்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதை ஓரக்கண்ணால் கண்டும் நான் அவள் பக்கம் திரும்பாமல் ரவையை வறுத்துக்கொண்டிருந்தேன்.